நன்றியுரைப் பக்கத்தில் ஓர் ஊர்

நூலைக் கையில் எடுத்தவுடன் நம்மில் பலர் படிக்காமல் கடந்துவிடும் பக்கம் ஒன்று உண்டு. முன்னுரைக்கும் முதல் இயலுக்கும் இடையில், பெயர்களால் நிரம்பி நிற்கும் நன்றியுரைப் பக்கம். நாவலிலோ கவிதைத் தொகுப்பிலோ அதைக் கடந்து போவதால் பெரிய இழப்பில்லை. ஆனால் ஓர் ஊரின் வரலாற்றைச் சொல்லும் நூலில் அப்பக்கத்தை விட்டுவிட்டால், அந்த வரலாறு எங்கிருந்து வந்தது என்பதையே விட்டுவிடுகிறோம். பரணில் கிடந்த கடிதக் கட்டை இறக்கிக் கொடுத்தவர், மங்கிய படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யாரென்று சொன்ன மூதாட்டி, தேவாலயப் பதிவேட்டைத் திறந்து காட்டிய குருவானவர், கல்லறைக் கற்களின் எழுத்தை மாலைதோறும் படியெடுத்தவர் என்று அங்கே வரிசையாக நிற்பவர்கள் உண்மையில் அந்நூலின் இணையாசிரியர்கள்.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் அபெரிஸ்ட்வித். வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவின் நடுவே அமைந்த சிறிய கடலோர ஊர் அது. கடற்கரை நடைபாதை, கடலுக்குள் நீளும் பாலம், இடிந்த கோட்டை, பல்கலைக்கழகம், குன்றின்மேல் ஒரு தேசிய நூலகம் ஆகியவை அதன் அடையாளங்கள். இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை ஆவணங்கள் எப்படி வாய்த்தன, அவற்றை யார் சேர்த்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு நன்றி சொல்லப்பட்டது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

ஊரின் பெயரிலேயே ஒரு சிறு புதிர் இருக்கிறது. 'அபெர்' என்றால் வேல்ஸ் மொழியில் ஆற்றின் முகத்துவாரம். இஸ்ட்வித் ஆற்றின் முகத்துவாரம் என்பது பெயரின் பொருள். ஆனால் பழைய ஊர் வளர்ந்தது ரைடால் என்ற மற்றோர் ஆற்றின் பக்கத்தில். நார்மானியர் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய முதல் கோட்டை இஸ்ட்வித் ஆற்றின் அருகில் இருந்தது. இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டின் ஆட்கள் 1277இல் கட்டத் தொடங்கிய கோட்டையோ இன்றைய கடல்முனைப் பாறையில் எழுந்தது. இடம் மாறியது, பெயர் மட்டும் கூடவே நடந்து வந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஊருக்கு அரச சாசனம் கிடைத்தது. 1404இல் ஓவைன் கிளின்டூர் அக்கோட்டையைக் கைப்பற்றினார். 1408இல் ஆங்கிலேயர் அதை மீட்டனர். 1637இல் அங்கே வெள்ளி நாணயச்சாலை அமைந்தது. 1649இல் பாராளுமன்றப் படை கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தது.

இவையெல்லாம் அரச ஏடுகள் சொல்பவை. அரசன் பெயர் இருக்கிறது, தளபதி பெயர் இருக்கிறது. இடிந்த கோட்டையின் கற்களைத் தங்கள் வீடுகளுக்குச் சுமந்து சென்ற ஊராரின் பெயர்கள் அங்கே இல்லை. அவர்களைத் தேடும்போதுதான் உள்ளூர் வரலாறு தொடங்குகிறது.

*

ஊர் ஊராகக் கேட்டு எழுதும் வழக்கத்தை வேல்ஸில் பெரிய அளவில் தொடங்கிவைத்தவர் எட்வர்ட் லூய்ட். 1660இல் பிறந்தவர். 1691 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் காப்பாளர். அவருடைய தாய்வழிக் குடும்பம் அபெரிஸ்ட்வித்துக்கு வடக்கே உள்ள தாலிபோன்ட் பகுதியைச் சேர்ந்தது. 1696இல் அவர் ஒரு கேள்வித்தாளை 4,000 படிகள் அச்சிட்டு, பங்குக்கு மூன்று வீதம் வேல்ஸ் முழுவதும் அனுப்ப ஏற்பாடு செய்தார். உங்கள் பகுதியில் பழங்கற்கள் உண்டா, கல்வெட்டு உண்டா, மலைகளுக்கும் ஓடைகளுக்கும் என்ன பெயர், எவ்வகைப் பேச்சு வழங்குகிறது, என்ன விளைகிறது, சந்தை எங்கே கூடுகிறது என்பன போன்ற கேள்விகள்.

பதில் எழுதியவர்கள் பெரும்பாலும் குருமார்களும் நிலக்கிழார்களும்தாம். ஆனால் ஓடையின் பெயரைக் குருவானவருக்குச் சொன்னவர் யார்? அங்கே ஆடு மேய்த்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். கேள்வித்தாளுக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூன்றாம் மனிதர் நிற்கிறார், அவர் பெயர் எழுதப்படவில்லை. லூய்டின் பெருநூலின் முதல் தொகுதி 1707இல் வெளியாயிற்று. 1709இல் அவர் மறைந்தார். அவரது கையெழுத்துப் படிகள் கைமாறிச் சிதறின, ஒரு பகுதி தீக்கிரையாயிற்று. அந்தக் கேள்வித்தாள்களுக்கு வந்த பதில்களில் எஞ்சியவை அச்சேறியது 1909க்கும் 1911க்கும் இடையில், அதாவது 200 ஆண்டுகளுக்குப் பிறகு. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தத் தாள்களைப் பார்த்து யாரோ படியெடுத்து வைத்திருந்தார்கள். அவர்களால்தான் அவை பிழைத்தன.

தீயின் கதை இப்பகுதிக்குப் புதியதன்று. இஸ்ட்வித் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் ஹாவோட் என்ற மாளிகையில் தாமஸ் ஜோன்ஸ் பெரும் நூலகம் ஒன்றைச் சேர்த்திருந்தார், சொந்தமாக அச்சகமும் நடத்தினார். 1807 மார்ச்சில் அம்மாளிகையோடு நூலகமும் எரிந்துபோயிற்று. ஒரே கூரையின்கீழ் ஒரே ஒரு படியாக இருக்கும் நினைவு எவ்வளவு நொய்ம்மையானது என்பதை இவ்வட்டாரம் அன்றே கண்டது.

*

அபெரிஸ்ட்வித் சுற்றுலா ஊராவதற்கு முன்பு துறைமுக ஊர். உள்நாட்டுச் சுரங்கங்களின் ஈயத்தாது இங்கிருந்து கப்பலேறியது, கரையிலேயே மரக்கப்பல்கள் கட்டப்பட்டன. அக்கப்பல்களில் சென்றவர்களை நாம் அறிவது மாலுமிப் பட்டியல்கள் மூலம். மாலுமியின் பெயர், வயது, பிறந்த ஊர், முன்பு பணியாற்றிய கப்பல், ஏறிய நாள், இறங்கிய நாள், கையொப்பம் ஆகியவை அவற்றில் இருக்கும். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டிருப்பார்.

பிரித்தானியாவின் பழைய மாலுமிப் பட்டியல்கள் எண்ணிக்கையில் மலையளவு. அரசு ஆவணக்காப்பகம் சுமார் பத்தில் ஒரு பங்கை மட்டும் மாதிரியாக வைத்துக்கொண்டது. உள்ளூர்க் காப்பகங்கள் தங்கள் துறைமுகங்களுக்கு உரியவற்றைக் கேட்டு வாங்கின. எவரும் கேட்காத பெரும்பகுதி 1970களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அபெரிஸ்ட்வித்தில் பதிவான கப்பல்களின் பட்டியல்கள் ஊரிலேயே, தேசிய நூலகத்தில் தங்கின. பிற்காலத்தில் தன்னார்வலர்கள் அவற்றின் ஒவ்வொரு வரியையும் படித்துத் தட்டச்சு செய்தார்கள். ஈரம் பட்ட தாள், அவசரக் கையெழுத்து, ஆங்கில எழுத்தருக்குப் புரியாமல் சிதைந்த வேல்ஸ் ஊர்ப்பெயர்கள். ஊரை அறிந்தவர் கண்ணுக்குத்தான் அந்தச் சிதைவுக்குள் உண்மையான பெயர் தெரியும்.

வேல்ஸில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்ற சில பெயர்களுக்குள் ஊரே அடங்கிவிடும். ஒரே தெருவில் மூன்று ஜான் ஜோன்ஸ் இருப்பார்கள். ஊரார் அவர்களைத் தொழிலாலும், வீட்டுப் பெயராலும், செலுத்திய கப்பலின் பெயராலும் பிரித்தறிந்தார்கள். ஏடு 'ஜான் ஜோன்ஸ்' என்று நின்றுவிடும் இடத்தில், எந்த ஜான் ஜோன்ஸ் என்று சொல்ல ஒரு பேத்தி தேவைப்படுகிறார். உள்ளூர் நூல்களின் நன்றியுரைகளில் எண்பது வயதைக் கடந்தவர்கள் இத்தனை பேர் இடம்பெறுவதன் பொருள் இதுதான். அவர்கள் அன்பினால் மட்டும் நினைவுகூரப்படவில்லை, சாட்சிகளாக நிற்கிறார்கள்.

*

1864இல் இருப்புப்பாதை வந்தது. 1865இல் கடற்பாலம் திறக்கப்பட்டது. ஊர் கப்பல்களிலிருந்து விருந்தினர் பக்கம் திரும்பியது. 1858இல் தொடங்கிய 'அபெரிஸ்ட்வித் அப்சர்வர்' என்ற செய்தித்தாள் கோடைக்காலத்தில் ஊருக்கு வந்திருந்த விருந்தினர் பட்டியலை வெளியிட்டது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், யார் தங்கியிருக்கிறார்கள் என்று வீடுவாரியாக வரும். விடுதி நடத்திய பெண்களில் பலரது பெயர் அச்சேறியது அந்த வரிகளில்தான். அவ்வீடுகளின் சமையலறையில் நின்ற பணிப்பெண்ணை அங்கே தேடினால் கிடைக்கமாட்டாள்.

அவளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமே என்று தோன்றும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1851 முதல் 1911 வரையிலான ஏழு கணக்கெடுப்புகளும் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ நடந்தன. கடலோர ஊரில் அது பருவம் தொடங்காத காலம். கோடைக்கு மட்டும் மலைக்கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அன்றிரவு தங்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். ஊரின் மிகவும் பரபரப்பான மாதங்களை அரசின் கணக்கு ஒருபோதும் பார்க்கவில்லை.

20ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் இடைவெளி இன்னும் பெரிதாகிறது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஏடுகள் 1942 டிசம்பரில் லண்டனுக்கு அருகே ஹேய்ஸில் நிகழ்ந்த தீயில் முற்றிலும் அழிந்தன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் ஏடுகள் நூறாண்டு விதிப்படி 2052இல்தான் திறக்கப்படும். 1921ஆம் ஆண்டு ஏடுகளுக்கும் அவற்றுக்கும் நடுவே, ஆட்களின் பெயரோடு எஞ்சியிருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று போருக்காக எடுக்கப்பட்ட பதிவேடு ஒன்றே. இரு போர்களுக்கும் இடையே கடற்கரை நடைபாதையில் வாழ்ந்தவர்களை அறிய நமக்கு மிஞ்சியவை செய்தித்தாள்களும், குடும்பப் படங்களும், மனிதர்களின் நினைவும்தாம். அந்த நினைவைக் கொண்டிருப்போர் இன்று மிகச் சிலர். ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் குறைகிறார்கள்.

1938 ஜனவரியில் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கி, நடைபாதையையும் கடற்பாலத்தையும் சேதப்படுத்தியது. செய்தித்தாள் சேதத்தைச் சொல்லும். அன்றிரவு எந்த வீட்டில் யார் யாருக்கு இடம் கொடுத்தார்கள் என்பதை, கேட்டு எழுதியவர் இருந்தால்தான் நாம் அறிவோம்.

*

படங்களுக்கும் இதே நிலைதான். 1838இல் இம்மாவட்டத்தின் கெல்லன் என்ற சிற்றூரில் பிறந்த ஜான் தாமஸ், லிவர்பூலில் துணிக்கடையில் வேலை பார்த்து, பின் படம் பிடிக்கும் தொழிலுக்கு வந்தார். போதகர்களையும் கவிஞர்களையும் படமெடுத்து விற்றதோடு நிற்காமல், வேல்ஸ் முழுவதும் சுற்றித் தபால்காரர், கைவினைஞர், சந்தைப்பெண்கள், ஆதரவற்றோர் இல்லத்து முதியவர்கள் ஆகியோரையும் படமெடுத்தார். அவர் தேர்ந்தெடுத்த 3,000க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை இதழாசிரியர் ஓ. எம். எட்வர்ட்ஸ் விலைக்கு வாங்கினார். இன்று அவை தேசிய நூலகத்தில் இருக்கின்றன. படமெடுத்தவர் பெயர் தெரியும், பாதுகாத்தவர் பெயர் தெரியும். கண்ணாடியில் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் பலரின் பெயர் தெரியாது.

அந்தத் தேசிய நூலகமும் பலருடைய கொடைதான். இதற்கு முன்னோடி ஊரின் கல்லூரி. இருப்புப்பாதை ஒப்பந்தக்காரர் தாமஸ் சாவின் கடற்கரையில் எழுப்பிய பெரிய விடுதி, 1866இல் அவர் கடனில் மூழ்கியதால் முடியாமல் நின்றது. பல்கலைக்கழகத்துக்காக இயங்கிய குழு அக்கட்டடத்தை 10,000 பவுனுக்கு வாங்கியது. 1872 அக்டோபரில் 26 மாணவர்களுடன் கல்லூரி திறந்தது. அரசு உதவி இல்லாத அந்த ஆண்டுகளில் தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை திரட்டப்பட்டது. சுரங்கத் தொழிலாளரும் கற்சுரங்கத் தொழிலாளரும் உழவரும் போட்ட சில்லறைக் காசுகள் அக்கல்லூரியைத் தாங்கின.

நூலகத்துக்கு 1907 மார்ச் 19 அன்று அரச சாசனம் கிடைத்தது. அது தலைநகராக விரும்பிய கார்டிஃபுக்குப் போகாமல் இங்கே வந்ததற்கு ஒரு மருத்துவர் காரணம். விக்டோரியா அரசியின் மருத்துவராக இருந்த சர் ஜான் வில்லியம்ஸ் தாம் சேர்த்த அரிய கையெழுத்துப் படிகளை, நூலகம் அபெரிஸ்ட்வித்தில் அமைந்தால் தருவதாக உறுதி கூறினார். அவருக்குச் சிலை உண்டு. காசு போட்ட உழவருக்குச் சிலை இல்லை. சர் ஜானைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. அவர் பெயரைச் சொல்லும் அதே மூச்சில் மற்றவர்களையும் சொல்ல வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

*

இன்னொரு கடனும் இருக்கிறது, அது மொழிக்கடன். ஊரின் நினைவில் பெரும்பகுதி வேல்ஸ் மொழியில் இருந்தது. அதிகார ஏடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. வேல்ஸ் மொழியில் சொல்லப்பட்ட நினைவு ஆங்கிலத்தில் எழுதப்படும்போது கேலியும் செல்லப் பெயரும் வசையும் உதிர்ந்துவிடுகின்றன. 1963 பிப்ரவரி 2 அன்று ஊரின் ட்ரெவெக்கன் பாலத்தில் மாணவர்களும் இளைஞர்களும் சாலையை மறித்து அமர்ந்தார்கள். நீதிமன்ற அழைப்பாணை வேல்ஸ் மொழியிலும் வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. வேல்ஸ் மொழிக் கழகத்தின் முதல் போராட்டம் அது. சாலையில் அமர்ந்திருக்கும் அவர்களின் கருப்பு வெள்ளைப் படங்கள் இன்று வரலாற்று ஆவணங்கள். இன்று வேல்ஸில் உள்ளூர் வரலாற்று நூலின் நன்றியுரை இரு மொழிகளிலும் அச்சாகிறதென்றால், அதற்குள் அந்தப் பாலத்தில் அமர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

அபெரிஸ்ட்வித்துக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் போர்த் என்ற கடற்கரை உண்டு. அங்கே மணலுக்கடியில் 4,500 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு காடு மூழ்கிக் கிடக்கிறது. 2014இன் தொடக்கத்தில் வீசிய புயல்கள் அபெரிஸ்ட்வித்தின் நடைபாதையைச் சிதைத்தன. போர்த்தில் அதே புயல்கள் மணலை வாரிக்கொண்டு போக, அடிமரங்கள் வேரோடு வெளியே தெரிந்தன. கடல்கொண்ட நாடு ஒன்றைப் பற்றி இப்பகுதியில் வழங்கும் கதை மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியான 'கார்மார்தென் கருநூலில்' அதைப் பற்றிய கவிதை இருக்கிறது, அந்நூலும் இதே ஊரின் குன்றின்மேல்தான் காக்கப்படுகிறது. கதையை முதலில் சொன்னவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆனால் யாரோ சொன்னார்கள், யாரோ கேட்டார்கள், யாரோ எழுதினார்கள், யாரோ தீயிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்தார்கள்.

ஆகவே அபெரிஸ்ட்வித்துக்காக நாம் ஒரு நன்றியுரை எழுதுவதாயின் அது இப்படித்தான் அமையும். ஓடையின் பெயரைக் குருவானவருக்குச் சொன்ன மேய்ப்பருக்கு நன்றி. பெருக்கல் குறியிட்டுக் கப்பலேறிய மாலுமிக்கும், நூறாண்டு கழித்து அவர் பெயரைத் தட்டச்சு செய்த தன்னார்வலருக்கும் நன்றி. பட்டியலில் இடம்பெறாத கோடைக்காலப் பணிப்பெண்ணுக்கு நன்றி. எந்த ஜான் ஜோன்ஸ் என்று சொன்ன பேத்திக்கு நன்றி. காணிக்கைத் தட்டில் காசு போட்ட கைக்கு நன்றி.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த முறை உள்ளூர் வரலாற்று நூல் ஒன்று கையில் கிடைத்தால் நன்றியுரைப் பக்கத்தை முதலில் படியுங்கள். வீட்டில் பழைய படங்கள் இருந்தால், அவற்றில் இருப்பவர்களை அறிந்தவர் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். ஓர் ஊரின் வரலாறு பல நேரங்களில் அந்த ஒரு வரியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.